தேங்காய்க்குள் பூமி

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கடைசியாக வருவது எழுத்துப் பரீட்சை அல்ல. வெளியூரிலிருந்து வரும் பரிசோதகர் முன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் வாத்தியார் வேலை. தவறினால் அப்பாவோடு வயலுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். வேறு வழி ஏதும் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு விழுந்த பாடம் பூமியின் உட்புறம். மகாராஜா ஆட்சி போய் ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. பாடப்புத்தகம் மட்டும் பழையதுதான். பாடத்துக்கு ஒரு துணைக்கருவி கட்டாயம். எல்லோரும் படம் வரைந்து தொங்கவிடுவார்கள். நான் தேங்காயைத் தேர்ந்தெடுத்தேன். சிரட்டை பூமியின் மேலோடு. பருப்பு அதற்கடுத்த கனத்த பாறை அடுக்கு. தண்ணீர், நடுவில் உருகிக் கிடக்கும் இரும்புக் குழம்பு. புத்தகத்தில் இருந்ததும் இவ்வளவே.

வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் கிடந்த காய்களில் நல்ல உருண்டையான ஒன்றைப் பொறுக்கி, கதம்பை மட்டையை உரித்து, சிரட்டையை வழுவழுவென்று சுரண்டினேன். நீலப்பொடி கரைத்துக் கடல் பூசினேன். செம்மண் குழைத்துக் கண்டங்கள் வரைந்தேன். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்து பிறகு விலகியவை என்று சிலர் சொல்வதாகவும், பலர் அதை நம்பவில்லை என்றும் நூல்நிலையத்துப் பத்திரிகையில் படித்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டின் கரைகளும் பொருந்தும்படி வரைந்துவைத்தேன். கண் இருக்கும் பக்கம் தென்துருவம். அங்கே ஒரு கண்ணில் சிறு முண்டு தெரிந்தது. பனிமலைக்கு வசதி என்று அதன்மேல் சுண்ணாம்பு தடவினேன்.

"காய ஆட்டிப் பாத்தியா மக்கா?" என்று அம்மா கேட்டாள்.

வடசேரிச் சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள் விரலால் சுண்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். ஆனால் சாயம் இன்னும் காயவில்லை.

"ஆப்பிரிக்கா அழிஞ்சு போவும்மா" என்றேன்.

மறுநாள் பரிசோதகர் கறுப்புக் கோட்டுடன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டார். மேலோடும் பாறை அடுக்கும் சிக்கலில்லாமல் முடிந்தன.

"நடுவில் என்ன இருக்கிறது?"

"கொழம்பு சாரே!" என்று வகுப்பு முழுவதும் கத்தியது.

முன்பெஞ்சுப் பையன் கையில் ஒரு செம்பைக் கொடுத்து, குழம்பைச் சிந்தாமல் பிடிக்கச் சொன்னேன். வெட்டுக்கத்தியின் முதுகால் பூமத்திய ரேகையில் தட்டினேன். காய் பிளந்தது. செம்பில் நாலைந்து சொட்டு விழுந்தால் அதிகம். உள்ளே, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைப் பந்துபோலத் தேங்காய்ப் பூ உட்கார்ந்திருந்தது. அப்பா நடுவதற்கென்று போட்டிருந்த விதைக்காய் அது. நான் பனிமலையாக்கியது அதன் முளை.

"பூவு! சாரே, பூவு!"

"ஏலே, எனக்கொரு துண்டு."

"பூமியவே திங்கப் பாக்கியாலே, கொதிப்பயலே?"

சத்தம் அடங்குமுன் ஒரு பையன் எழுந்தான். "சாரே, நடுவுல கொழம்புன்னுல்லா சொன்னிய? இது கட்டியாட்டுல்லா இருக்கு?"

பரிசோதகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். காய்தான் கோளாறு, பூமி நான் சொன்னபடியே இருக்கிறது என்று முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் குழம்புக்கும் நடுவே கட்டியான ஓர் உருண்டை உண்டு என்று அதே பத்திரிகையில் படித்திருந்தேன். பாடப்புத்தகத்தில் இல்லாததால் பாடத்தில் சேர்க்கவில்லை. இப்போது அவன் கேட்டுவிட்டான்.

"கொழம்புதான். அதுக்கும் நடுவுல கட்டியா ஒரு உருண்டை இருக்குன்னு இப்ப சொல்லுதாங்க."

"ஆரு போயிப் பாத்தா சாரே?"

"யாரும் போகல. சந்தையில தேங்காய ஒடைச்சுப் பாத்தா வாங்குத?"

"இல்ல. சுண்டிப் பாப்போம், ஆட்டிப் பாப்போம்."

"அதேதான். எங்கயோ பூகம்பம் வந்தா அந்த அதிர்வு பூமிக்குள்ள புகுந்து மறுபக்கம் வரை போகும். குழம்புக்குள்ள ஒரு மாதிரி போகும், கட்டிக்குள்ள வேற மாதிரி. வெளியே கருவி வச்சு அதைக் குறிச்சுக் கண்டுபிடிச்சாங்க."

அவன் உட்காரவில்லை. "நீங்க இத சுண்டிப் பாக்கலியா சாரே?"

வகுப்பு சிரித்தது. "இல்லை. ஆப்பிரிக்கா ஈரமா இருந்துது" என்றேன்.

பரிசோதகர் எழுந்து வந்தார். "இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"புத்தகத்தில் இல்லை சார். நூல்நிலையத்துப் பத்திரிகையில் படித்தேன்."

"எந்த மாசத்துப் பத்திரிகை?"

சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டு, "பாடத்த முடிச்சிரும்" என்றார். முடித்தேன். பிள்ளைகள் பூவைப் பங்கு போட்டார்கள். ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்து அவரிடமும் நீட்டினார்கள். "எனக்குச் சர்க்கரை வியாதி" என்று தள்ளிவைத்தார்.

சாயங்காலம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, தேறிவிட்டதாகச் சொன்னார். பரிசோதகரின் குறிப்பையும் வாசித்துக் காட்டினார்: பாடம் சரி, துணைக்கருவி பொருத்தமில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாய்ப்பில் குந்தியிருந்து விதைக்காய்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, நல்ல உருண்டைக்காய் ஒண்ணு கெடந்துதே?"

"பரீட்சைக்கு எடுத்துட்டுப் போனேன்."

"நடுததுக்குப் போட்டிருந்த காயாக்கும் அது."

"ஒடைச்ச பொறவுதான் தெரிஞ்சுது."

கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு, "தேறினியா?" என்றார்.

"தேறிட்டேன்."

"அப்பம் காயி போனா போட்டும்" என்று சொல்லி, அடுத்த காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார்.