நாற்பது என்று எழுதியிருந்தது

என் கணவர் பத்து வருடத்துக்கு மேல் மஸ்கட்டில் கார் ஓட்டினார். ஒரு கம்பெனி மேனேஜருக்கு டிரைவர். லீவில் வந்தால் அந்த ஊர் ரோட்டைப் பற்றித்தான் பேசுவார். பெரிய ரோட்டில் நூற்றிருபது வரை போகலாம், தாண்டினால் காருக்குள்ளேயே மணி அடிக்கும், கம்பத்தின் மேல் கேமரா இருக்கும், ஊருக்குள் வந்தால் வேகம் வேறு. இப்படி.

"எங்க மேனேஜர் ஜெர்மன்காரரு. அவங்க ஊர்ல சில ரோட்ல லிமிட்டே கெடையாதாம். எவ்ளோ வேணா போலாம். ஆனா வூடுங்க இருக்கிற தெருவுக்குள்ள வந்தா முப்பதுதான்," என்றார் ஒருமுறை.

"முப்பதுல போலன்னா யாருங்க புடிப்பாங்க?"

"யாரும் புடிக்க வேணாம். அவங்களே மெதுவா போவாங்களாம்."

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரோட்டில் எவ்வளவு வேகம் போகலாம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. தினமும் அதே நெடுஞ்சாலையில்தான் கம்பெனி வேனில் போய்வந்தேன். ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை.

வேலை முடிந்து அவர் ஊரோடு வந்தபோது எங்கள் வேனுக்கே டிரைவரானார். பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் ஆள் ஏற்றி, வழியில் நிறுத்தி நிறுத்தி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறக்க வேண்டும். முதல் நாளே கவரைப்பேட்டை பக்கம் வண்டி திடீரென்று மெதுவானது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. இரண்டு லாரிகள் உரசுவதுபோல் ஒதுங்கிப் போயின. ஒருவன் தலையை வெளியே நீட்டித் திட்டிவிட்டுப் போனான்.

"இன்னாண்ணே, வண்டி ரிப்பேரா?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

"போர்டுல நாப்பதுன்னு போட்டுக்கிதும்மா."

எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். காதுகுத்து பேனர் ஒன்றின் பின்னால் பாதி மறைந்து ஒரு வட்டம் தெரிந்தது. அத்தனை வருடம் அந்த வழியே போயிருக்கிறேன். அன்றுதான் அதைப் பார்த்தேன்.

வேனில் சிரித்தார்கள். சில நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. ஷிப்ட்டுக்குத் தாமதமானால் சூப்பர்வைசரிடம் நிற்பது நாங்கள்தானே. "அண்ணனாண்ட சொல்லுக்கா, பேஜாரா இருக்குது," என்று என்னிடம் வந்து சொன்னார்கள். வீட்டில் சொன்னேன். மறுநாளும் அவர் அதே நாற்பதில்தான் போனார். கடைசியில் வேன் காண்ட்ராக்டரே கூப்பிட்டு, "அண்ணே, வண்டிய உருட்டிக்கினு போறீங்க. இது ஓட்டறவங்களுக்கான வேலை," என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் சின்ன சரக்கு வண்டி ஓட்டினார். சிப்காட்டிலிருந்து எல்லை தாண்டி ஆந்திரா பக்கம் உதிரி பாகங்கள் கொண்டுபோகும் வேலை. ஆள் ஏற்றாத வண்டி என்பதால் அவருக்கு நிம்மதி.

எளாவூருக்கு முன்னால் ஓரிடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு போர்டு உண்டு. ஒரு மதியம் அவர் குறைத்தார். பின்னால் வந்த டிரெய்லர் குறைக்கவில்லை.

எனக்கு போன் வந்தபோது கையில் பாதி ஒட்டிய பெட்டி இருந்தது. மீதி டேப்பையும் ஒட்டி முடித்தேன். அடுத்த பெட்டியை எடுத்தேன். சூப்பர்வைசர் வந்து என் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, "கெளம்பும்மா," என்ற பிறகுதான் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வராந்தாவில் என் கணவர் வயதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். அவருடையது இல்லை. டிரெய்லர் ஓட்டி வந்தவர் அவர்தான். நெல்லூர் பக்கம் ஊர். ஓடிப்போகாமல் இவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, பிரேக் லைட் எரிஞ்சுது, பார்த்தேன்மா. போர்டுக்காக ஸ்லோ பண்றாருன்னு தெரியாதும்மா. அந்த எடத்துல யாரும் பண்ண மாட்டாங்கம்மா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சாப்டீங்களா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வராந்தாவின் கோடியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. போய் இறுக்கி மூடிவிட்டு வந்தேன்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், "உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா திடீர்னு ஸ்லோ பண்ணாரு? மாடு ஏதாவது குறுக்க வந்துச்சா?" என்றார்.

"போர்டு இருந்துச்சு சார்."

"எந்த போர்டு?"

வலது காலில் கம்பி வைத்தார்கள். முட்டி மடங்காது என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, "பின்னாடி வந்தவருக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றுதான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு மஸ்கட்டைப் பற்றியோ ரோட்டைப் பற்றியோ அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டிக்கொண்டேன். நன்றாகிவிடும் என்றார்கள், சரி என்றேன். எல்லாம் யாருக்கோ நடப்பதுபோல் நடந்தது. அதுவரை ஸ்கூட்டரைத் தொடாதவள், அவரைக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லாததால் கற்றுக்கொண்டேன். பயமாக இருந்ததா என்று கேட்டார்கள். பயமும் இல்லை.

இப்போது அவர் ஒரு தொழிற்சாலையின் கேட்டில் செக்யூரிட்டி. உள்ளே போகும் வண்டிகளைப் பார்த்து அனுப்ப வேண்டும். அந்த வளாகத்துக்குள் இருபதுக்கு மேல் போகக்கூடாது. மஞ்சள் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. ஒருநாள் அவரைக் கூட்டிப்போக வந்தவள் வெளியில் நின்று பார்த்தேன். நெடுஞ்சாலையில் பறந்து வந்த டிரெய்லர் ஒன்று கேட்டைத் தாண்டியதும் எறும்பாக ஊர்ந்தது. அடுத்ததும் அப்படியே. மீறினால் மறுபடி லோடு தர மாட்டார்களாம்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.

அவர் வந்து காலை ஒரு பக்கமாக நீட்டிப் பின்னால் உட்கார்ந்தார். சர்வீஸ் ரோடு முடிந்து நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் நிறுத்தினேன். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன.

"பால் வாங்கணுமா?" என்றார்.

"காலையிலயே வாங்கிட்டேங்க."

இடைவெளி கிடைத்ததும் ஏறினேன்.