ஏழாம் அறையின் சிவப்புக் கோடு

தினமும் காலையில் அந்த அம்மாள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கணினித் திரையை நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகத் துடைக்கிறார், ஊசி போடப் போகிற இடத்தைத் துடைப்பதுபோல. பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "சொல்லுடா ராசா, நேத்து எதையெல்லாம் முடிச்சுப் போட்டு வச்சிருக்க?" என்று கேட்கிறார். திரை பதில் சொல்லாது. அவரும் எதிர்பார்ப்பதில்லை.

முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் அவர் 'கோட்டக்கா'. இருபத்தாறு வருஷம் ஆட்களைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டியதில் இடுப்பு போய்விட்டது. இந்தத் திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த இல்லத்தில் செயற்கை அறிவு உதவியாளர் ஒன்று உண்டு. பணிப்பெண்கள் சொல்லும் குறிப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு, யாரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யோசனை சொல்லும். அதன் நினைவில் எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் வரைபடம்தான் கோட்டக்காவின் திரை. ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு விஷயமும் ஒரு வட்டம். சேர்த்துப் பேசப்படும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அடிக்கடி பேசினால் கோடு தடிக்கும். ரொம்பத் தடித்தால் சிவக்கும்.

தப்பான கோடுகளை வெட்டுவது அவர் வேலை. ஒருமுறை மழை நாளில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. மறுநாளிலிருந்து, மேகம் மூடினாலே எல்லோருக்கும் பாலை நிறுத்தச் சொன்னது உதவியாளர். "வானம் இருட்டினா வயிறு கழியுமாம். பெரிய டாக்டர்தான் இது," என்று அந்தக் கோட்டை வெட்டினார். வேலை இல்லாதபோதும் வட்டங்களை இழுத்து இழுத்து இடம் மாற்றுவார். கேட்டால், "ஒரே பக்கமா கெடந்தா புண்ணு வந்துடும்" என்பார்.

ஏழாம் அறையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். டிரைவர் ஐயா. அவருடைய வட்டத்துக்கும் 'அடிப்பார்' என்ற வட்டத்துக்கும் நடுவே கோடு சிவந்து கிடந்தது. பூட்டிய பிரிவுக்கு மாற்றலாம் என்றது உதவியாளர். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதாக இருந்தார் மேலாளர். அந்தப் பிரிவில் ஜன்னல் திறக்காது. உள்ளே போனவர் திரும்பி வந்து கோட்டக்கா பார்த்ததில்லை.

"இவ்வளவு சிவப்பா இருக்கேக்கா," என்றார் மேலாளர்.

"சளி பிடிச்சா மூக்குகூடத்தான் சிவக்குது. அறுத்தா எறியறோம்?"

ஆனால் கோட்டை வெட்டவும் வழியில்லை. அடி விழுந்தது உண்மை. அடி பற்றிய பதினோரு குறிப்புகளையும் திறந்து படித்தார். எல்லாமே இரண்டு வாரத்துக்குள். எல்லாமே காலையில் முகம் துடைக்கும் நேரம். வரைபடத்தின் மூலையில், டிரைவர் ஐயாவோடு மயிரிழைக் கோட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு, 'ஹாரன்' என்று ஒரு வட்டம். "ஹாரன் அடிக்காம வர்றீங்களேம்மா" என்று டிரைவர் ஐயா திட்டுவதை, பணிப்பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே குறிப்பில் சொல்லியிருந்தாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். பார்த்ததும் விளங்கிவிட்டது. உதவியாளரிடம் குறிப்புச் சொல்வதற்கான சின்னத் திரையைச் சுவரில் மாட்டுவதற்காக, இரண்டு வாரத்துக்கு முன்புதான் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இப்போது வலப்பக்கம் சுவர். பெண்கள் இடப்பக்கமாக வருகிறார்கள். பெரியவருக்கோ இடக்கண்ணில் பார்வை கிடையாது. எங்கிருந்தோ ஒரு ஈரத்துண்டு வந்து முகத்தில் விழுந்தால் யாருக்குத்தான் கை ஓங்காது? கட்டில் திரும்பிய சங்கதியை உதவியாளரிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு பெண்களை விட்டுக் கட்டிலைப் பழையபடி திருப்பினார். சின்னத் திரை தலைமாட்டுக்குப் பின்னால் மறைந்துபோனது. "அது எட்டிப் பாத்துக்கட்டும்," என்றார்.

அடி நின்றது. கோடு இளைக்கவில்லை. அடி விழாத காலையைக் குறித்துவைக்க யாருக்குத் தோன்றும்? அதையும் சொல்லச் சொன்னார் கோட்டக்கா. பெண்கள் தினமும் "இன்னிக்கு ஐயா அடிக்கலை" என்று ஒழுங்காகச் சொன்னார்கள். ஐயாவும் அடியும் மறுபடி சேர்த்தே பேசப்பட, கோடு இன்னும் கொஞ்சம் தடித்தது.

"ஏன்டி, அடியை விட்டா அந்த மனுஷனைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

"வேற என்னக்கா சொல்றது?"

"என்ன பண்றாரோ அதைச் சொல்லித் தொலை."

சொன்னார்கள். துண்டை வெந்நீரில் நனைக்கச் சொன்னார் ஐயா. கன்னத்தைத் தானே காட்டினார். மெதுவாக நடக்கும் எதிர் அறைக்காரரை 'லோடு லாரி' என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அவரைச் சுற்றி ஒன்பது புது வட்டங்கள் முளைத்துவிட்டன. நடுவே சிவப்புக் கோடு மட்டும் அப்படியே.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் மாற்றல் தாளும் பேனாவுமாக வந்து திரையைப் பார்த்தார். "இன்னும் சிவப்பாத்தானே இருக்கு?"

கோட்டக்கா எழுந்து, அவரை ஏழாம் அறைக்குக் கூட்டிப் போனார். வாசலிலேயே நின்றுவிட்ட மேலாளரைத் தோளைப் பிடித்து, நோயாளியைப் புரட்டுகிற லாவகத்தில் நகர்த்தி, கட்டிலின் வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஹாரன் சத்தமே காணோம்?" என்றார் பெரியவர்.

"பீப்," என்றார் கோட்டக்கா.

பெரியவர் கன்னத்தை நீட்டினார். கோட்டக்கா மேலாளர் கையிலிருந்த தாளை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அந்தக் கையில் வைத்தார்.