குலவைக்காரி தாவியா

பட்டனை அழுத்திவிட்டால் தாவியா நாற்காலியில் உட்கார மாட்டாள். லேப்டாப்பை மேசையிலேயே விட்டுவிட்டு அறையின் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடப்பாள். திரையில் எழுத்துகள் வரிவரியாக ஓடும். ஓரக்கண்ணால் பார்ப்பாள், நேராகப் பார்க்க மாட்டாள். ஒன்றரை நிமிடம், சில நாள் மூன்று நிமிடம். ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான். தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கைச் சுழற்றி, தெருமுனை வரை கேட்கும்படி ஒரு குலவை விடுவாள்.

கீழே இருப்பது தெருவுக்கே பொதுவான ரொட்டி அடுப்பு. அடுப்புக்காரர் பூஷ்தா ரொட்டி தள்ளும் நீளத் துடுப்பைத் திருப்பிப் பிடித்துக் கூரையில் இரண்டு இடி இடிப்பார்.

"இன்னிக்கு யாருக்குக் கல்யாணம், தாவியா?"

"உங்களுக்குத்தான் அண்ணே! பொண்ணு பார்த்தாச்சு!"

"பல்லு இருக்கா?"

"பச்சை விளக்கே இருக்கு!"

ஆஸ்ஃபி துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் ஒரு வருடமாக இதுதான் நடக்கிறது. முதல் மாதம் ஒரு கிழவர் நிஜமாகவே கல்யாணம் என்று நினைத்து, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகும் கூம்புச் சர்க்கரை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். தாவியா அவருக்குத் தேநீர் கொடுத்து, திரையைக் காட்டி, சர்க்கரையையும் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாள்.

வயது முப்பத்தொன்பது. குள்ளம். மணிக்கட்டு இரண்டும் படகோட்டிக்கு இருப்பது போல இருக்கும். மத்தி மீனை டின்னில் அடைக்கும் ஃபாக்டரியில் பதினோரு வருடம் தலை வெட்டியவள். இடது கட்டைவிரலில் கத்தி போன கோடு இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது. கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது. ஃபாக்டரிப் பெண்களின் சங்க அறையில் யாரோ கொடுத்த ஆறு பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. மாலை வகுப்பு நடந்தது. ஆரம்பத்தில் இருபது பேர் வந்தார்கள், கடைசி வரை நின்றது இவள் ஒருத்தி. இப்போது ஊரில் நாலு பள்ளிக்கூடம், ஒரு மருந்துக்கடை, ஒரு கால்பந்து குழு, எல்லாவற்றுக்கும் இணையப் பக்கம் எழுதி ஏற்றுவது இவள்தான். ஃபாக்டரி அட்டையை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பையின் உள்ளறையில் வைத்திருக்கிறாள். "இருக்கட்டுமே, சோறா கேக்குது?" என்பாள்.

கிளவுட் என்ற சொல் அவளுக்குப் பிடிக்காது.

"மேகம் கீகம்னு பயமுறுத்தாதீங்கடி. அடுத்தவன் கம்ப்யூட்டர்ல நமக்கு ஒரு மூலை. நாம எழுதினதை இங்கேருந்து ஏத்துறோம். அங்கே குளிர்ந்த கட்டடத்துல அது ஓடுது. லாரில மீன் ஏத்துற மாதிரிதான், நாத்தம் கிடையாது, அவ்வளவுதான்."

அந்த ஏற்பாட்டில் அவளை மயக்கிய விஷயம் ஒன்று உண்டு. புதிதாக எழுதியதை ஏற்றும்போது பழையது உடனே நிற்பதில்லை. புதியது எழுந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, காலூன்றுகிற வரை பழையதே வேலை பார்க்கிறது. புதியது விழுந்துவிட்டால் பழையது பாட்டுக்குத் தொடர்கிறது, வெளியே ஒருவருக்கும் தெரியாது. இதை முதல் முறை பார்த்த அன்று தாவியா மேசையை ஓங்கிக் குத்தினாள்.

"எந்த முதலாளிடி இப்படிப் பண்ணியிருக்கான்? புது ஆள் வாசல் மிதிக்கறதுக்குள்ள பழைய ஆளை வெளில தள்ளிடுவான். இந்த மெஷினுக்கு இருக்கிற நியாயம் அவனுக்கு இல்லையே!"

நியாயம் என்றால் சொல்ல வேண்டியது இன்னொன்று. படகு மீனோடு வந்தால்தான் ஃபாக்டரியில் பெண்களுக்கு வேலை. நூற்று எண்பது பேர் இருக்கிறார்கள். ஒரு தடவைக்கு அறுபது பேர் போதும். எந்த அறுபது என்று முடிவு செய்தவள் மேற்பார்வைக்காரி மன்னானா. கூப்பிடுவது அவளுடைய போன். அவள் வீட்டுக்கு எண்ணெயும் கூம்புச் சர்க்கரையும் போனவர்களுக்கு மணி அடிக்கும். போகாதவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பல வருடம் இப்படி. குளிர்காலத்தில் பெண்கள் இரண்டு நாள் ஃபாக்டரி வாசலில் உட்கார்ந்தார்கள். முறைப்படி கூப்பிடு, எல்லாருக்கும் வரிசை எண் கொடு என்றார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது, ஆனால் ஒரு கொக்கியோடு. இரண்டு வாரம் சோதனை. சொன்ன மணிக்கு அறுபது பேர் மேசை முன்னால் நிற்க வேண்டும். ஒரே ஒரு நாள் ஒரே ஒரு ஆள் குறைந்தாலும் மறுபடி மன்னானாவின் போன்தான்.

அந்த முறைப் பட்டியலை எழுதி ஏற்றியவள் தாவியா. துறைமுகத்தில் நிற்கும் சங்கத்து ஆள் படகு வந்ததும் ஒரு பட்டனை அழுத்துவான். அடுத்த அறுபது பேருக்குச் செய்தி போகும், இத்தனை மணிக்கு வா என்று. யாராவது வர முடியாது என்று பதில் போட்டால் அடுத்த எண்ணுக்குத் தானாகப் போகும். பதின்மூன்று நாளில் படகு வந்தது இரண்டு தடவை, இரண்டு தடவையும் ஒரு ஆள் குறையவில்லை. பதினான்காவது நாள் ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள்.

சனிக்கிழமை மதியம், நோன்புக்குச் சில நாளே இருந்ததால் தெருப் பெண்கள் எல்லாரும் பலகார மாவு வறுக்கத் தட்டோடு பூஷ்தாவின் அடுப்புக்கு வந்திருந்தார்கள். மஹ்ஜூபாவும் வந்தாள். பட்டியலில் நூற்று நாற்பதாவது எண், தாவியாவுக்குப் பக்கத்து மேசையில் பதினோரு வருடம் கத்தி பிடித்தவள். தட்டை உள்ளே கொடுத்துவிட்டு, முடியெல்லாம் மாவோடு மாடியேறினாள். தாவியா கையை உயர்த்திக் கண்ணாடித் தம்ளரில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நாளைக்குப் படகு வந்தா பழைய மணில கூப்பிடுவியா, புது மணிலயா?"

தம்ளர் நிரம்பித் தட்டில் வழிந்தது. தாவியா ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"அடியே, தேத்தண்ணி!"

நோன்பு மாதம் வந்தால் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதைத்தான் ஊர் பழைய மணி என்கிறது. மாதம் முடிந்ததும் திரும்ப முன்னால். இந்த வருடம் மாற்றம் அந்தச் சனி முடிந்து ஞாயிறு விடியுமுன். தாவியாவுக்குத் தெரியாததா? வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை முதல் ஆளாகத் திருப்புகிறவள் அவள். ஆனால் குளிர்ந்த கட்டடத்து சர்வருக்கு ஆஸ்ஃபியும் தெரியாது, நோன்பும் தெரியாது. அதற்குத் தாவியா தன் கையால் செட்டிங்கில் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்: உலக நேரத்தோடு ஒரு மணி கூட்டு. பதினோரு மாதத்துக்குச் சரி.

"அப்ப நாளைக்கு?" என்றாள் மஹ்ஜூபா.

"பதினொண்ணுக்கு வர வேண்டியவங்களைப் பன்னெண்டுக்கு வரச் சொல்லும். பதினொண்ணுக்கு மன்னானா கதவைத் திறந்து பார்த்தா பூனைதான் நிக்கும்."

"உன் கழுத்துக்கு மேல என்னடி வச்சிருக்கே?"

"மத்தித் தலை. நீயே வெட்டு."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். விரல்கள் தட்டத் தொடங்கின. ஒரு மணி கூட்டு என்பதை அழித்தாள். அந்த இடத்தில் காஸாபிளாங்கா என்று, நாடு முழுவதன் நேரத்துக்கும் அடையாளமான ஊர்ப் பெயரை எழுதினாள். ஊரைச் சொன்னால் போதும், எந்த வருடம் எந்த நாள் கடிகாரம் நகரும் என்ற கணக்கு சர்வரிடமே இருக்கிறது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அதைப் பற்றி அழ இப்போது நேரம் இல்லை.

நேராக ஏற்றவில்லை. கிளவுடில் ஒத்திகைக்கென்று அச்சாக இன்னொரு பிரதியை இரண்டு நிமிடத்தில் எழுப்பினாள். அதற்கு மட்டும் இன்று ஞாயிறு என்று தேதியைப் பொய்யாகக் கொடுத்தாள், செய்தி மஹ்ஜூபாவின் போனுக்கு மட்டும் போகும்படி வைத்தாள். பட்டனை அழுத்தினாள். எழுந்து நடந்தாள். மஹ்ஜூபாவும் கூட நடந்தாள். சின்ன அறை, இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். பச்சை.

குலவை! கீழிருந்து இரண்டு இடி.

பட்டியலின் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: பதினொரு மணி. தாவியா மஹ்ஜூபாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அந்த நேரம் பார்த்து மஹ்ஜூபாவின் போனில் ஒத்திகைச் செய்தி வந்து விழுந்தது. அவள் படித்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்கு வான்னு இருக்கு."

"விளையாடாதே."

"நீயே பாரு. குலவை மட்டும் நல்லா வருது உனக்கு."

தாவியா இரண்டு கையாலும் தலைத்துணியை இழுத்து முடிச்சை இறுக்கினாள். பிறகு சிரித்தாள், சத்தமாக.

"ரெண்டு லாரிடி! பக்கத்தைக் காட்டுறது ஒண்ணு. செய்தி அனுப்புறது தனி. ரெண்டுக்கும் தனித்தனி செட்டிங். நான் ஒண்ணைத்தான் திருத்தினேன்!"

இரண்டாவதைத் திருத்தினாள். ஏற்றினாள். நடை. பச்சை. மஹ்ஜூபாவின் போன் துடித்தது: பதினொரு மணி. ஒத்திகை முடிந்ததும் அசலுக்கே ஏற்றினாள், இரண்டையும். பழையது கடைசி நொடி வரை நின்று வேலை பார்த்து, புதியது காலூன்றியதும் விலகிக்கொண்டது. பச்சை ஒன்று, பச்சை இரண்டு.

மஹ்ஜூபா காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"என்னடி, தொண்டை அடைச்சுக்கிச்சா?"

"நாளைக்கு. அறுபது பேர் உள்ளே போகட்டும்."

கீழே பூஷ்தாவுக்குப் பொறுக்கவில்லை. படிக்கட்டில் நின்று கத்தினார். "தாவியா! கல்யாணம் நின்னுபோச்சா?"

"மாப்பிள்ளை நாளைக்குப் படகுல வர்றான் அண்ணே!"

வந்தான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பழைய மணிக்குத்தான், மத்தி நிறைந்த படகு துறைமுகத்தைத் தொட்டது. நூற்று இருபத்தொன்றிலிருந்து நூற்று எண்பது வரை செய்தி போனது: பதினொரு மணிக்கு வா. தாவியா லேப்டாப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஃபாக்டரி வாசலில் நின்றாள். பெண்கள் ரப்பர் பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு, மூன்று சக்கர வண்டிகளில் நெருக்கியடித்து வந்து இறங்கினார்கள். வாசலின் அந்தப் பக்கம் மன்னானா, கையில் பேரேடும், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய போனும்.

"நாப்பத்தெட்டு" என்றாள் மன்னானா. "மணி பத்தே முக்கால்."

"வருவாங்க, லல்லா" என்றாள் தாவியா, அம்மா என்கிற மரியாதையோடு.

"அம்பத்தஞ்சு. உன் மெஷினுக்கு நோன்பு எப்பன்னு தெரியுமா?"

"நேத்துதான் சொல்லிக் கொடுத்தேன்."

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. மஹ்ஜூபா உள்ளே போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மணி பத்து ஐம்பத்தைந்து. தெரு காலியாக இருந்தது.

நூற்று நாற்பத்தேழாவது எண் ஃபாத்னா. குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது என்று அவள் பதில் போட்டது அப்போதுதான்; தாவியா அதைப் போனில் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டாள். அடுத்த ஆளுக்குச் செய்தி போயிருக்கும். நூற்று எண்பதோடு பட்டியல் முடிந்து, திரும்ப ஒன்றாம் எண்ணுக்குப் போக வேண்டும். ஒன்றாம் எண்காரி ஊரின் அந்தக் கோடியில், மலைமேல் குடியிருக்கிறாள். பறந்து வந்தாலும் இருபது நிமிடம்.

தாவியாவின் சட்டைப் பையில் போன் துடித்தது.

எடுத்துப் பார்த்தாள். தாவியா, எண் நூற்று எண்பத்தொன்று. உன் முறை. பதினொரு மணிக்கு வா.

பட்டியலை ஏற்றிய முதல் நாள், செய்தி போகிறதா என்று பார்க்கத் தன் பெயரையே பட்டியலின் அடியில் போட்டிருந்தாள். எடுக்க மறந்துவிட்டாள்.

மன்னானா எட்டிப் பார்த்து, ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"அது சோதனைக்குப் போட்ட பேரு, லல்லா..."

"பட்டியல்ல இருக்கா, இல்லையா? பட்டியல்தான் பேசணும், மன்னானா பேசக்கூடாதுன்னு ரெண்டு நாள் இந்த வாசல்ல உட்கார்ந்து கத்தினது யாரு?" மன்னானா போனைத் திறந்து விரலைத் தயாராக வைத்துக்கொண்டாள். "அட்டை இருக்கா உன்கிட்ட? இல்லேன்னா சொல்லு, என் ஆளு ஒருத்தி முக்குலதான் நிக்கிறா."

உள்ளேயிருந்து மஹ்ஜூபாவின் குரல் வந்தது. "அடியே, மீன் என்ன உனக்காகக் காத்திருக்குமா?" கூடவே ஒரு ஏப்ரன் பறந்து வந்து தாவியாவின் தோளில் விழுந்தது.

தாவியா பையின் உள்ளறையில் கைவிட்டு அட்டையை எடுத்தாள். லேப்டாப் பையைக் கழற்றி, "இதைக் கொஞ்சம் பிடிங்க, லல்லா" என்று மன்னானாவின் இரண்டு கையிலும் வைத்தாள். பேரேடும் போனும் பையுமாக மன்னானா நின்ற நிலையில் போனை அழுத்த அவளுக்கு விரல் மிச்சம் இல்லை. "அறுபது!" என்று தாவியா தானே எண்ணினாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டே ஓடினாள். மேசையில் தன் பழைய இடத்தில் நின்று, முதல் மத்தியின் தலையை ஒரே வெட்டில் எடுத்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே தலையைப் பின்னால் சாய்த்து நாக்கைச் சுழற்றினாள்.