நடுமேசைக்கு வந்த மூத்திரச் சட்டி

வெர்லின் கட்ஜோவுக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்றுதான் எங்கள் ஹோல்ட்ஃபாஸ்ட் கிராமத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். நகரத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி எடுத்தே தலை நரைத்த பெண்மணி. இருட்டிய பின் மினிபஸ்ஸில் வந்து இறங்கி, கையைக் கழுவி, அந்தக் கையாலேயே மீனைக் கீறிக் குழம்பு வைப்பார். யாராவது மூக்கைச் சுளித்தால், "உன் குடல்ல என்ன ரோஜாப்பூவா இருக்கு?" என்பார். அந்தச் சம்பளத்தில் படித்த மகள்கள் இருவரும் நியூயார்க்கில் இருக்கிறார்கள். கூப்பிட்டார்கள். கயானாவின் சேறும் கொசுவும் போதும் என்று இவர் போகவில்லை.

ஓய்வு பெற்றதும் ஊர் மியூசியத்தின் சாவி அவர் இடுப்புக்கு வந்தது. மரத்தூண்கள்மேல் நிற்கும் பழைய வாத்தியார் வீடுதான் மியூசியம். அடிமைத் தளை அறுந்த எங்கள் முன்னோர், கைவிடப்பட்டுக் கிடந்த பருத்தித் தோட்டத்தை ஊராகக் கூடி வாங்கி, கால்வாய் வெட்டிக் குடியேறினார்கள். அவர்கள் பிடித்த மண்வெட்டி, மீன்கூடை, பாதி கரையான் தின்ற பைபிள் எல்லாம் சுவரோரமாக இருக்கும். நடுமேசையில் வெர்லின் வீட்டு மர உரல். விடுதலை நாளான ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அதை முற்றத்துக்கு இறக்கி, அவித்த வாழைக்காயை வீட்டுக்கு ஒருவராக முறைவைத்து இடிப்போம். அந்த ஃபூஃபூவில் ஓர் உருண்டையாவது தொண்டையில் இறங்காவிட்டால் எங்களுக்கு ஆகஸ்ட் பிறந்ததாகக் கணக்கில்லை.

போன வருஷம் இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. பழைய தோட்டத்துரையின் வழிவந்த ஹார்கோர்ட் என்பவர் அனுப்பியது. வைக்கோலை விலக்கினால் மூத்திரச் சட்டி. வெள்ளைப் பீங்கான், நீலப்பூ, தங்க விளிம்பு, மூடி வேறு. துரை ராத்திரியில் கட்டிலடியில் வைத்துக்கொண்டதாம். உள்ளே இன்னும் மஞ்சளாக ஒரு வளையம் படிந்திருந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

கமிட்டித் தலைவர் காம்ப்டன் ஃபோர்டைஸுக்குக் குமட்டவில்லை. சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வெயிலிலும் டை கழற்றாதவர். சட்டியைப் பச்சைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்தினார்.

"இது நடுமேசைக்குப் போகணும். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி ஹார்கோர்ட் ஐயா நேர்ல வர்றார். கூரைக்குத் தகரம் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கார்."

"அப்ப உரலு?" என்றார் வெர்லின்.

"கீழே நடுத்தூணோட ஒட்டி வச்சிடு. இந்த வருஷம் இடிக்கிறதெல்லாம் வேணாம். வர்ற மனுஷன் என்ன நினைப்பான்?"

"மேசைமேல எதை வேணா வை காம்ப்டன். நான் அதைத் தொடைக்க மாட்டேன்."

"ஆஸ்பத்திரில ஊரான் சட்டியெல்லாம் கழுவின கைதானே. இதுக்கு மட்டும் என்ன ரோஷம்?"

"அவங்களால எந்திரிச்சுப் போக முடியல, நான் எடுத்தேன். துரைக்குக் காலு நல்லாத்தானே இருந்துச்சு."

ஃபோர்டைஸ் முகம் கறுத்தது. "அன்னிக்குத் தூசியா இருந்துச்சுன்னா சாவி வேற ஆளுக்குப் போயிடும்."

வெர்லின் சாவியை இடுப்பில் அழுத்திச் செருகிக்கொண்டார். அந்த வீட்டைப் பெருக்குவதைத் தவிர அவருக்கு வேறு பிடிப்பு கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் பொருள்களுக்குக் குறிப்பட்டை எழுதுவது என் வேலை. ‘மூத்திரச் சட்டி. உட்கார்ந்தவர் துரை. சுமந்தவர்கள் நம் பாட்டிகள்’ என்று எழுதி வைத்தேன். ஃபோர்டைஸ் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘மாளிகைப் பீங்கான் கலம்’ என்று தானே எழுதினார். கலமாம். தூ.

விடுதலை நாளன்று மியூசியத்தில் தரை, ஜன்னல், மண்வெட்டி எல்லாம் பளபளத்தன. சட்டியின் மூடிமேல் மட்டும் ஒட்டடை, பல்லி எச்சம், குளவி கட்டிய மண்கூடு. ஹார்கோர்ட் வந்தார். ஒல்லியான, வெயிலில் சிவந்துபோன, மரியாதை தெரிந்த கிழவர்.

"வெர்லின், துணி எங்கே?" என்றார் ஃபோர்டைஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"துணி இருக்கு. கைதான் இல்ல."

ஃபோர்டைஸ் தன் கைக்குட்டையை உருவினார். அதில் எச்சில் துப்பிச் சட்டியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார், உள்விளிம்பு வரைக்கும். பிறகு அதே கைக்குட்டையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஹா, துரையோட ஆசீர்வாதம் நெத்தியில இறங்கிடுச்சு," என்றார் பின்வரிசையில் நின்ற இஸ்மே ஆன்ட்டி. பெண்கள் தலைத்துணியால் வாயைப் பொத்தினார்கள்.

ஹார்கோர்ட் கூச்சத்தோடு, "எங்க வீட்டுல இதுல செடி வச்சிருந்தோம்," என்றார். அதற்கு ஃபோர்டைஸ் உடம்பு குலுங்கச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சட்டியைவிட அதுதான் எனக்கு அசிங்கமாகப் பட்டது. சிரித்து முடித்து வெர்லினிடம் கையை நீட்டினார். "சாவி."

வெர்லின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நீட்டிய கையில் வைக்கவில்லை. சட்டியின் மூடியை விரல் நுனியால் தள்ளி உள்ளே போட்டார். 'ணங்' என்றது. மூடிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஃபோர்டைஸ் வரவேற்புரையைத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்தில் தரைக்குக் கீழே முதல் இடி விழுந்தது. நடுத்தூண் அதிர்ந்தது, பலகை அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது. உரலைத் தூணோடு ஒட்டி வைக்கச் சொன்னவர் அவர்தான். இன்னோர் உலக்கையும் சேர்ந்துகொள்ள, சட்டி சாவியைக் கலகலத்துக்கொண்டு மேசை விளிம்பை நோக்கி நகர ஆரம்பித்தது. ஃபோர்டைஸ் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தார்.

ஒவ்வொருவராகக் கீழே இறங்கினோம். ஹார்கோர்ட் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு அவரும் வந்தார். யாரோ அவர் கையிலும் உலக்கையைக் கொடுத்தார்கள்.

சட்டியைத் தழுவியபடி ஃபோர்டைஸ் ஜன்னலுக்கு வந்தார். "நிறுத்துங்கடி."

"இன்னும் முறை முடியல காம்ப்டன்," என்றார் வெர்லின், நிமிராமல். "மூடியக் கெட்டியாப் புடிச்சுக்கோ. அது நழுவும். எனக்குப் பழக்கம்."

ஊரே இடித்து முடித்து, ஃபூஃபூவை மீன்குழம்பில் தொட்டுத் தின்னும்போதுதான் ஃபோர்டைஸ் படியிறங்கினார். சட்டியைக் கீழே வைக்கவும் மனசில்லை, வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. ஒருவழியாக மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுச் சாவியை எடுத்து இஸ்மே ஆன்ட்டியிடம் நீட்டினார். "இனிமே நீ பாத்துக்கோ."

"அதுக்குள்ள கிடந்ததா? கிட்ட கொண்டுவராத, திங்கிறேன்ல." பக்கத்தில் இருந்தவளும் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அதற்கடுத்தவளும்.

வெர்லின் கடைசி வாயை விழுங்கினார். "சோப்பு தண்ணிப் பீப்பாய்கிட்ட இருக்கு காம்ப்டன். சாவியக் கழுவு, கையக் கழுவு. அப்புறம் உரலோட அந்தப் பக்கத்தைப் பிடி, மேல ஏத்தணும்."

ஃபோர்டைஸ் சட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பீப்பாய்ப் பக்கம் போனார்.