படுவான்கரைக் கல்லூரித் தோட்டத்தில் நாற்பது நிமிடம்

என் கணவர் தயாளனுக்கு இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் நான் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அவர் குளியலறையில் வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தால் போய்க் கதவைத் தட்டுவேன். படி ஏறினால் பின்னால் நின்று மூச்சைக் கவனிப்பேன். ஓகஸ்ட் தொடக்கத்தில் வைத்தியர், "இனிச் சின்னப் பயணங்கள் போகலாம்" என்று சொன்னபோது அவர் சிரித்தார். நான் மருந்துப் பட்டியலை எடுத்து மறுபடியும் சரிபார்த்தேன்.

அவருக்கு ஓர்க்கிட் என்றால் பைத்தியம். வத்தளையில் எங்கள் மேல்மாடியில் அறுபது சட்டிகளுக்குக் குறையாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், ஒரு கல்லூரி தாவரவியல் தோட்டம் வைத்திருக்கிறது, சனிக்கிழமைகளில் வெளியாட்களையும் விடுகிறார்கள், செடி வளர்க்கும் மூன்று பச்சை வீடுகளில் ஒன்று முழுக்க ஓர்க்கிட் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மலைநாட்டுத் தோட்டங்கள் என்றால் ஏற்றம் இறக்கம். இது தட்டை நிலம். அவருக்கு ஆபத்தில்லாத இடம் என்றுதான் நான் ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி, பிற்பகல் மூன்றரைக்கு மட்டக்களப்பில் இறங்கினோம். புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி ஓர் அறை, ஒரு நாளைக்கு 6,500 ரூபாய். சுத்தமான அறை, ஆனால் படிக்கட்டு செங்குத்து. கீழ் அறை கேட்டு மாற்றிக்கொண்டேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். ரயில் அலுப்பில் அவர் பத்து மணி வரை படுத்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் புறப்பட்டோம். அதுதான் நாங்கள் விட்ட முதல் பிழை.

ஓட்டோக்காரர் பெயர் பாயிஸ், காத்தான்குடிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட 5,000 ரூபாய். ஒரு வழி 24 கிலோமீற்றர். ஒன்றே முக்காலுக்குப் புறப்பட்டு, ஆரையம்பதி தாண்டி வலப்பக்கம் திரும்பி, மண்முனைப் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் வாவி அசையாமல் கிடந்தது. பாலம் முடிந்ததும் பாயிஸ் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மெடம், ஒரு விசயம். அஞ்சு மணிக்கு முன்ன கேற்றுக்கு வந்திருங்க. வட்டையில இப்ப தண்ணி இல்ல. ஆனை இறங்குற காலம்."

வட்டை என்றால் வயல்வெளி. "பகலிலுமா?" என்று கேட்டேன்.

"முந்தி ராவையிலதான் வரும். இப்ப நேரங்காலம் ஒண்டும் இல்ல."

என் கணவர் சிரித்தார். "யாலயில ஆனை பார்க்கக் காசு கட்டவேணும். இங்கே சும்மாவே காட்டுறாங்கள்."

பாயிஸ் சிரிக்கவில்லை. அதன் பிறகு நான் பாதையோரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டின் குசினிச் சுவர் இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு வீடு, அதே மாதிரி. யானைக்குப் போட்ட மின்வேலிக் கம்பி சில இடங்களில் இடுப்பளவுக்குத் தொய்ந்து கிடந்தது. பாயிஸிடம் எதையும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டே முக்காலுக்குத் தோட்டத்து வாசலில் நின்றோம். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நூறு ரூபாய். வாசல் காவலாளி பெயரெழுதிக்கொண்டு, சுற்றிக் காட்ட ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். நாகேஸ்வரி, தோட்ட வேலையாள், நாற்பதுக்குள் வயது. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவரும் காவலாளியும் மட்டும்தான் இருப்பார்களாம்.

தோட்டம் பன்னிரண்டு ஏக்கர். பனை வகைகள், மூலிகைப் பாத்திகள், வாவிக்கரையில் கண்டல் மரங்கள் என்று ஒழுங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். ஐம்பது அடிக்கு ஒரு தரம் கணவரை உட்காரவைத்தேன். நாகேஸ்வரி அவசரப்படுத்தவே இல்லை. "ஆறுதலா வாங்க அக்கா, பூ எங்கயும் போகாது" என்றார். முதல் பச்சை வீடு கண்ணாடியால் ஆனது, உள்ளே கள்ளி வகைகள். இரண்டாவது பொலித்தீன் கூடம், மாணவர்களின் தக்காளி, குடைமிளகாய் நாற்றுகள். இரண்டுமே நன்றாக இருந்தன. ஆனால் நான் பாதி நேரம் என் கைக்கடிகாரத்தையும் மீதி நேரம் அவர் முகத்தையும்தான் பார்த்தேன்.

ஓர்க்கிட் வீட்டு வாசலுக்கு வந்தபோது நாலு முப்பத்தைந்து. "நேரமாகிறது, போய்விடலாம்" என்றேன். "இதுக்காகத்தானே வந்தனான்" என்றார் கணவர். வாசலிலிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு வாகை மரம், அதன் கீழ் உட்கார ஒரு சீமெந்து வாங்கு. "பையை அதில வெச்சிட்டு வாங்க அக்கா, உள்ளுக்க ஒடுக்கம், சட்டி தட்டுப்படும்" என்றார் நாகேஸ்வரி. வைத்தேன்.

எண்பது அடி நீளம், முப்பது அடி அகலம். இரும்புக் குழாய்ச் சட்டகம், மேலே நிழல்வலை, பக்கங்களில் பால் நிறப் பொலித்தீன். உள்ளே ஈரமும் கரித்தூள் மணமும். கம்பிகளில் வண்டா ஓர்க்கிட்டுகள் வேரைத் தொங்கவிட்டு ஊதா ஊதாவாகப் பூத்திருந்தன. ஒரு மூலையில் வெசாக் பூ ஓர்க்கிட், மரத்துண்டில் கட்டியிருந்தது. வீட்டில் அவர் மூன்று முறை வாங்கி வைத்து மூன்று முறையும் பட்டுப்போன செடி. அதன் முன்னால் குனிந்து நின்றார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த முகத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அப்போது வெளியே ஏதோ சத்தமாக முறிந்தது.

நாகேஸ்வரி கையை உயர்த்தினார். இன்னொரு முறிவு, பிறகு ஈரமான எதையோ கிழிக்கிற நீண்ட ஓசை. பச்சை வீட்டின் மேற்குப் பக்கத்தில் கல்லூரியின் வாழைத் தோட்டம் இருந்தது. பொலித்தீனுக்கு அப்பால் ஒரு சுவர் நகர்ந்தது. அங்கே சுவர் எதுவும் இல்லை என்பது எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

"ஆனை" என்றார், உதடு மட்டும் அசைய. "கதைக்காதீங்க. அப்பிடியே இருங்க."

மூவரும் தரையில் உட்கார்ந்தோம். ஒரே ஒரு வாசல். அங்கிருந்து வெளி வாசலுக்கு முந்நூறு மீற்றர் திறந்த வெளி. ஓடக்கூடியவர்களாக இருந்தால் ஓடியிருக்கலாம். நாகேஸ்வரி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு காவலாளியுடன் பேசினார்.

"ஓர்க்கிட் வீட்டுக்குப் பின்னால நிக்கிது. தனியன். நாங்க மூணு பேரும் உள்ளுக்க. இஞ்சால வெடி கொளுத்திராதீங்க, எங்களுக்கு மேலால ஓடும்."

வனஜீவராசித் திணைக்களத்துக்காரர்கள் வர அரை மணித்தியாலமாவது ஆகும் என்று பதில் வந்தது. நாங்கள் காத்திருந்தோம். யானை மரம் மரமாகச் சாய்த்துத் தண்டைப் பிளந்து தின்றுகொண்டிருந்தது. அதன் மூச்சுக்கூடக் கேட்டது. பொலித்தீன் என்பது எவ்வளவு மெல்லியது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஐந்து மணி இருக்கும். கணவர் என் கையைப் பிடித்தார். அவருடைய கை நனைந்திருந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மற்றக் கை நெஞ்சில்.

"சாந்தி, பை" என்றார்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை பைக்குள் இருந்தது. அன்றுவரை எட்டு மாதமாக அந்தப் பையை என் தோளை விட்டு நான் இறக்கியதே இல்லை.

வாசலின் வலை இடுக்கால் பார்த்தேன். யானை இப்போது வாழைத் தோட்டத்தின் மூலைக்கு வந்திருந்தது. பை இருந்த வாங்குக்கும் அதற்கும் இடையில் ஒரு பஸ்ஸின் நீளம்தான். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. இதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். முப்பது வருடம் கூட வாழ்ந்த மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார், நான் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

"குளிசையா?" என்று கேட்டார் நாகேஸ்வரி.

தலையாட்டினேன்.

"எந்தச் சிப்புக்குள்ள?"

"முன் சிப். சின்ன மண்ணிறப் போத்தல்."

அவர் செருப்பைக் கழற்றினார். "ஐயாவைப் பிடிச்சிக்கங்க. நான் எடுத்தாறன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சிப் என்று மட்டும்தான் சொன்னேன்.

அவர் ஓடவில்லை. வாசலை ஒட்டி அடுக்கியிருந்த குரோட்டன் சட்டிகளுக்குப் பின்னால் குனிந்து நடந்தார். யானையின் காது அசையும்போது நடப்பார், காது நின்றால் நிற்பார். வாங்கை அடைந்து பையைத் தூக்கியபோது உள்ளே குளிசைப் போத்தல்கள் கலகலத்தன. அவ்வளவு சின்னச் சத்தம். யானை திரும்பியது.

காதுகளை விரித்துக்கொண்டு நாலைந்து அடி முன்னால் வந்தது. நாகேஸ்வரி வாகை மரத்தோடு ஒட்டி நின்றார், பையை வயிற்றோடு அணைத்தபடி. எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. என் கணவரின் மூச்சு ஒரு காதில், வெளியே எந்தச் சத்தமும் இல்லாதது மறு காதில். பிறகு யானை பக்கத்தில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைத் துதிக்கையால் வளைத்து எறிந்தது. அது வந்து பச்சை வீட்டின் மூலையில் மோதியது. ஒரு குழாய் வளைந்தது, பத்துப் பதினைந்து சட்டிகள் ஒன்றாய்ச் சரிந்து உடைந்தன. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது நாகேஸ்வரி என் பக்கத்தில் இருந்தார். அந்தச் சத்தத்துக்குள் பின்பக்கமாகவே நடந்து வந்துவிட்டாராம்.

போத்தலையும் அவர்தான் திறந்தார். குளிசையை நாக்குக்கு அடியில் வைத்தோம். ஐந்து நிமிடம் போனது, குறையவில்லை. இரண்டாவதையும் வைத்தேன். அதன் பிறகுதான் அவருடைய தோள் மெல்ல இறங்கியது. "குறையுது" என்றார். நாகேஸ்வரி அப்போதுதான் தரையில் சரிந்து உட்கார்ந்தார். நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். யானை மறுபடியும் வாழைக்குப் போயிருந்தது.

ஐந்து பதினைந்துக்கு வாவிப் பக்கம் தூரத்தில் ஆனைவெடி கேட்டது. காவலாளி ஊராட்களைக் கூட்டி, யானை எங்கள் பக்கம் வராமல் மேற்கே திரும்பும்படி தள்ளி நின்று கொளுத்தச் சொல்லியிருக்கிறார். யானை தலையைத் தூக்கியது, திரும்பியது, அவசரமில்லாமல் மேற்கே வட்டைக்குள் இறங்கியது. அது போய் ஒரு நிமிடம்கூட ஆகியிராது, பாயிஸ் ஓட்டோவை நடைபாதையிலேயே ஓட்டிக்கொண்டு வந்து பச்சை வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"ஏறுங்க மெடம். ஐயாவை நடுவுல இருத்துங்க. கேள்வி கேட்க நேரமில்ல."

நாகேஸ்வரியையும் ஏறச் சொன்னேன்.

"இல்லக்கா, சைக்கிள் நிக்கிது. அது இல்லாம இனி எப்பிடி வேலைக்கு வாற? ஊராக்கள் இருக்காங்க, அவங்களோட போறன்."

அவருடைய வீடு நாலு கிலோமீற்றர் மேற்கே. யானை போன அதே பக்கம்.

பாலத்தைக் கடக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆறரைக்கு மட்டக்களப்பில் ஆஸ்பத்திரிக்குள் போனோம். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, ஓர் இரவு தங்கல். புதிதாகப் பாதிப்பு எதுவும் இல்லை என்று காலையில் சொன்னார்கள். பாயிஸ் காவலாளியோடு போனில் பேசி, "அந்த ஆள் வீடு சேந்திட்டாம் மெடம்" என்று சொன்ன பிறகுதான் நான் ஒரு வாய் தேநீர் குடித்தேன்.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஓர்க்கிட் பிரியர்கள் நிச்சயம் பார்க்க வேண்டிய தோட்டம். ஆனால் காலையில் போங்கள், எட்டு மணிக்கு உள்ளே நுழைந்து பதினொன்றுக்கு வெளியே வந்துவிடுங்கள். ஓகஸ்ட், செப்ரெம்பரில் நீர் வற்றியிருக்கும், யானை நடமாட்டம் அதிகம். மார்கழி மழையில் பாதைகள் தண்ணீருக்குள் போய்விடுமாம். மாசி, பங்குனி நல்லது. பழம் எதையும் கையில் கொண்டுபோகாதீர்கள். திரும்பி வரத் தனியாக வண்டி தேடலாம் என்று இருக்காதீர்கள், காத்திருக்கும் ஓட்டோவைப் பேசிக்கொண்டு போங்கள். ஓட்டோக்காரர் ஒரு நேரத்தைச் சொன்னால் அதைக் கேளுங்கள். குளிசை எடுப்பவர்கள் அதை உடுப்புப் பையிலேயே வைத்திருங்கள்.

ஒரு கிழமை கழித்து, பாயிஸ் வழியாக எண் வாங்கி, நாகேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். நான் வாய் திறக்க முன்னமே, "ஐயாக்குச் சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். பிறகு, அந்தக் கிழமை முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"நான் உங்களைப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கவேணும்."

"நீங்க வேணாம் எண்டு சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன் அக்கா" என்றார். "எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு."

அவர் குரலில் குற்றம் சாட்டுதல் இல்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். பயணக் குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு, இதையும் எழுதலாமா என்று கடைசியில் கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா என்ட பேரைப் போடாதீங்க. வீட்ட ஒருத்தருக்கும் நான் இதைச் சொல்லல்ல. மகள் அறிஞ்சா வேலைக்குப் போக விடமாட்டாள்."

அதனால்தான் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. நாகேஸ்வரி என்பதும் அவருடைய பெயர் இல்லை.