நாய்க்கு வந்த நாவல்பழம்

எங்கள் வீட்டு நாய்க்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகுதான் என் கணவருக்குச் சமைக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியவந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் குசினிக்குள் வந்ததெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான். அந்த மனிதர் இப்போது விடிந்ததும் விடியாததுமாக நின்று பூசணிக்காய் வெட்டுகிறார். யாருக்கு? நாய்க்கு.

இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு காது கிழிந்த, அன்புவழிபுரத்தில் எவரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு கிழட்டு நாயைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தவர் மிருக வைத்தியர். சின்ன வயதுப் பெண். நாயின் கண்ணில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "அம்மா, சாப்பாடு என்ன குடுக்கிறனீங்கள்?"

"மிஞ்சின சோத்துக்குச் சொதி விட்டுக் குழைச்சுக் குடுக்கிறனான். எல்லா வீட்டிலயும் அதுதானே."

"சொதியில வெங்காயம் கிடக்குது. நாய்க்கு வெங்காயமும் உள்ளிப்பூண்டும் கூடாது. உப்பு, மிளகாய்த்தூள் ஒண்டும் வேண்டாம். பூசணி, கரட், கொஞ்சம் கீரை அவிச்சு, முள்ளெடுத்த மீனோட குடுத்துப் பாருங்கோ. அதுகளில அன்ரிஒக்சிடன்ட் இருக்கு. வயசான உடம்புக்கு நல்லம். ஆனா போன பார்வை அதால திரும்பி வராது."

கடைசி வசனம் என் கணவரின் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து அடுப்பில் முதலில் ஏறுவது நாயின் சட்டி. அது இறங்கிய பிறகுதான் எனக்கு உலை வைக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைத்த பிறகே நாங்கள் சாப்பிடுவோம். ஆக, முதலில் நாய், பிறகு காகம், பிறகு அவர், கடைசியாக நான். காகத்தோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

தெருமாடுகள் போல மான்கள் கழிவுக் கீரை தின்று திரியும் எங்கள் ஊர்ச் சந்தையில் அவர் கரட்டை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்து வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கென்று வாங்கும்போது ஒருநாளும் முறித்துப் பார்த்ததில்லை. அழுகல் தக்காளியோடு வந்து நிற்பார். பக்கத்து வீட்டுப் பூனைக்கும் ஒரு துண்டு பூசணி வைத்துப் பார்த்தார். அது மணந்து பார்த்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போனது. வைத்தியரிடம் கேட்டால், கரட்டிலும் பூசணியிலும் இருக்கிற சத்தை நாயின் உடம்பு எடுத்துக்கொள்கிற மாதிரிப் பூனையின் உடம்பு எடுக்காதாம், பூனைக்கு மீனும் இறைச்சியும்தானாம். அன்றைக்கு அந்தப் பூனையை எனக்கு நன்றாகப் பிடித்துப் போயிற்று.

இந்த நேரத்தில்தான் என் கண்ணிலும் வெள்ளை படர்வதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிளினிக்குக்குத் தனியாகத்தான் பஸ் ஏறிப் போய்வந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று சொட்டு மருந்து விட்டால் பாதி கன்னத்தில் வழிந்தது. பின் விறாந்தையில் அவர் நாயின் தலையை மடியில் வைத்து இமையைத் தூக்கி, "இப்ப தெரியுதோ? என்னைத் தெரியுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வெளிநாட்டிலிருக்கும் மகள் போனில், நாய்களுக்குப் புளூபெரிப் பழம் நல்லதாம் என்று சொல்லி வைத்தாள். புளூபெரிக்கு எங்கே போவது? இவர் யோசித்து, அதே நிறத்தில் நம்மிடம் நாவல்பழம் இருக்கிறதே என்று கண்டுபிடித்தார். வைத்தியருக்குப் போன் அடித்துக் கேட்டார். கொட்டையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று கொடுத்தால் பிழையில்லை என்று அவர் சொல்ல, இவர் உடனே சைக்கிளை எடுத்தார். கிண்ணியாப் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் ஒரு பை நிறைய வாங்கி வந்தார்.

நாவல்பழம் என்றால் எனக்கு உயிர். சிறுமியாக இருந்தபோது மரத்தின் கீழே நின்று பொறுக்கி, உப்பில் தொட்டு, தொண்டை கரகரக்கும்வரை தின்றவள் நான். இத்தனை வருட வாழ்க்கையில் இவர் கையால் எனக்கு ஒரு நாவல்பழம் வந்ததில்லை. இப்போது கதிரையைப் போட்டு உட்கார்ந்து, நகத்தால் கொட்டையைக் கிள்ளியெடுத்து, நாய்க்கு மசித்து ஊட்டுகிறார். மிச்சப் பையை பிரிட்ஜில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இஞ்சாரும், இதுக்க உப்புப் பட்டிடாமப் பாத்துக்கொள்ளும்."

மறுநாள் அவர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பையை எடுத்தேன். உப்புப் போத்தலையும் எடுத்தேன். குசினி வாசற்படியில் உட்கார்ந்து அவ்வளவையும் தின்றேன். நாய் மணம் பிடித்து வந்து என் முழங்காலில் மூக்கை வைத்தது. ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அவர் வந்து பிரிட்ஜைத் திறந்தார். "நாவல்பழம் எங்க?"

வாய் திறந்தால் பிடிபட்டுவிடுவேன். தாடையால் நாயைக் காட்டினேன். அவர் குந்தியிருந்து நாயின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு அழகான ரோசா நிறம். எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"நாக்கை நீட்டும், பாப்பம்."

நீட்டினேன். எப்படியிருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. திட்டுவார் அல்லது சிரிப்பார் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன். அவர் கேட்டது வேறு.

"உமக்கு நாவல்பழம் விருப்பமோ?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நாய்க்கு என்ன விருப்பமெண்டு அது சொல்லியோ உங்களுக்குத் தெரியும்? கீரையைத் துப்பும், கரட்டைத் தின்னும், எல்லாம் பாத்துப் பாத்துத் தெரிஞ்சு வச்சிருக்கிறீங்கள். என்னை மட்டும் கேட்டுத்தான் தெரியோணுமோ? என்ரை கண்ணும்தான் மங்குது. அதைத் தூக்கிப் பாக்க ஆர் இருக்கினம்?"

அவர் வெளியே போய்ச் சைக்கிளைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் மறுபடியும் ஒரு பை வந்தது. பின் விறாந்தையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டு கோப்பைகளோடு எழுந்து வந்து, ஒன்றை என் முன்னால் வைத்தார். எட்டிப் பார்த்தேன். கொட்டை எடுத்து, தோலும் சதையுமாக மசித்து, உப்பில்லாமல். நாவல்பழத்தை மனிதர் வாயில் போட்டுக் கொட்டையை உமிழ்ந்துதான் தின்பார்கள் என்பதையே அவர் மறந்துவிட்டார். ஒருவருக்குச் செய்து கொடுப்பதென்றால் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான்.

நெஞ்சு இளகப் பார்த்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"எதை முதல் செய்தனீங்கள்? என்ரையையோ, அதின்ரையையோ?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். காலடியில் நின்ற நாயைப் பார்த்தார். "அதின்ரையை. பழகிப்போச்சு."

என் கோப்பையை நாயின் முன்னால் தள்ளினேன். அவர் கையிலிருந்த நாயின் கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் குசினிக்குள் போய், உப்புப் போத்தலையும் என் கண்மருந்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்.