சம்பங்கோரை தாங்கிக்கொண்ட காலை: மைசூரு ஏரியில் ஒரு நாள்

மைசூருக்கு நானும் என் கணவரும் போனது அரண்மனை பார்க்க அல்ல. அக்ரஹாரத்தில் குடியிருக்கும் என் நாத்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பொங்கல் கழிந்த வாரம், ஈரோட்டில் காலை பஸ் ஏறினோம். சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர் வழியாகப் போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குழந்தையைக் கொஞ்சியாயிற்று. மறுநாள் காலை வேலை ஒன்றுமில்லை. "பக்கத்துல சம்பங்கோரை இருக்கிற ஏரி ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீரில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கோரை இது. நீள நீளமான இலை. உச்சியில் குச்சி ஐஸ் போலப் பழுப்புக் கதிர். எங்கள் பரமத்தி வேலூர் பக்கம் சம்பு என்போம். காய்ந்த இலையை நனைத்துத்தான் கொடிக்காலில் வெற்றிலைக் கொடியைக் கட்டுவோம், தண்டை அறுக்காது. பாய் பின்னலாம், கூரை வேயலாம், கதிர்ப் பஞ்சைத் தலையணையில் அடைக்கலாம். ஆனால் நான் பார்த்ததெல்லாம் சந்தைக்கு வந்த கட்டுகள்தான். ஏரி நிறைய உயிரோடு நிற்பதைப் பார்த்ததில்லை.

தெருமுனையில் ஆட்டோ பிடித்தோம். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய். டிரைவர் சின்னசாமி தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர். நாங்கள் வாய் திறந்ததுமே தமிழுக்கு மாறிவிட்டார். "ஜொண்டு பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தார். கன்னடத்தில் சம்பங்கோரைக்கு ஜொண்டு என்று பெயராம். நரசிபுரம் சாலையில் ஒன்பது கிலோமீட்டர் போய் ஒரு மண்பாதையில் திரும்பினார். சின்ன ஏரி. ஊர்க்காரர்கள் வெறுமனே 'கெரெ', அதாவது ஏரி, என்றுதான் சொல்கிறார்களாம்.

கரையில் இறங்கினோம். பனி ஏறிய கதிர்கள் வெயில் பட்டு மின்னின. வெடித்த கதிர்களிலிருந்து பஞ்சு பிரிந்து, அவசரமே இல்லாமல் தண்ணீர் மேல் போய்க்கொண்டிருந்தது. நீலக்கோழி ஒன்று நீளக் கால்விரல்களை விரித்து நடந்தது. கரையோரம் யாரோ அறுத்த கோரையைக் கட்டுக்கட்டாகக் காயப் போட்டிருந்தார்கள்.

என் கணவர் போனில் படம் எடுத்துக்கொண்டே நகர்ந்தார். கோரைக்கு நடுவே பச்சைப் புல்திட்டு ஒன்று. தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டார். திட்டு அப்படியே அமுங்கியது. நான் திரும்புவதற்குள் மார்பு வரை போயிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கால் உதற உதறச் சேறு இழுத்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

சின்னசாமி ஓடி வந்தார். "அண்ணா, காலை உதறாதீங்க! கையை விரிங்க, அப்படியே மல்லாந்து சாயுங்க!" கோரைக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திட்டின் மேல் போட்டார். அவை மிதந்தன. நானும் இழுத்துப் போட்டேன். உள்ளங்கை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கட்டுகளின் மேல் அவர் குப்புறப் படுத்து ஆட்டோக் கயிற்றை வீச, நான் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். கோரையை அணைத்தபடி, சேறும் பாசியுமாக என் வீட்டுக்காரர் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தார்.

சத்தம் கேட்டு ஸ்கூட்டரை நிறுத்தியவர் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், டூட்டி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். என் கணவர் காலில் ரத்தம் வருவதைப் பார்த்துச் சின்னசாமி ஒரு கதிரை உதிர்த்தார். "எங்க ஊர்ல இந்தப் பஞ்சைத்தான் வெச்சு அமுக்குவோம்."

"இருக்கட்டும்ணா, இது சேத்துக் காயம். முதல்ல சுத்தத் தண்ணி. டிடி ஊசியும் போடணும்" என்று தமிழிலேயே சொன்னார் ஸ்டெல்லா. சின்னசாமி தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கேனை எடுத்து வந்தார்.

அந்த நேரம் மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். கோரை அவருடையது, வெற்றிலைத் தோட்டத்துக்காக அறுத்தது. கட்டுகள் எல்லாம் சேற்றில் நாசமாகிக் கிடந்தன. நான் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னார்.

"ஜொண்டு மறுபடி வளருமாம்" என்று சின்னசாமி சொன்னார். "மனுசன் வளருவானான்னு கேக்கறாரு."

என் கணவர் இரண்டு கையையும் கூப்பினார். எனக்குத்தான் அழுகை வந்தது. ஸ்டெல்லா எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்த் தன் வீட்டுக்காரர் சட்டையையும் சூடான காப்பியையும் கொடுத்தார்.

நீங்கள் போவதானால்: தை, மாசியில் பஞ்சு பறக்கும். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, பகல் பஸ்ஸே சரி. கரையை விட்டு இறங்காதீர்கள். கோரைக்கு நடுவே பச்சையாகத் தெரிவதெல்லாம் தரை அல்ல. தனியாகப் போக வேண்டாம். இந்தப் பதிவில் படங்கள் இல்லை, போன் ஏரியோடு போய்விட்டது.

ஊர் திரும்பிய மறுவாரம் என் கணவர், ஐம்பத்திரண்டு வயதில், நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். தினமும் மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மிக்கொண்டே வீட்டுக்குள் வருகிறார். அந்தத் தும்மல் சத்தம் வாசலில் கேட்டால்தான் எனக்கு அடுத்த வேலையே ஓடுகிறது.